எதிர்க்கடைக்காரர் எங்கே போய்ச் சொல்வது?

போன தை மாதம் ஊருக்குப் போயிருந்தபோது மாமா கடையில் வியாபாரத்தை விட ஒரு பேச்சுதான் அதிகம் ஓடிக்கொண்டிருந்தது. நாமக்கல் – திருச்செங்கோடு பக்கம் ரோட்டோரத்தில் 30 வருஷத்துக்கும் மேலாக மளிகைக் கடை வைத்திருக்கிறார். கடைக்குக் கிழக்கே அரை கிலோமீட்டரில் ஒரு சூப்பர் மார்க்கெட்டுக்கு அஸ்திவாரம் தோண்டியிருக்கிறார்கள். மேற்கே ஒரு பழைய தறிப்பட்டறையை இடித்துவிட்டு இன்னொரு கம்பெனி இடம் பிடித்திருக்கிறது. இரண்டில் எது முதலில் வரும், எதற்கு அப்ரூவல் கிடைக்கும் என்பதுதான் பேச்சு.

மாமாவும் நாலைந்து கடைக்காரர்களும் சேர்ந்து ஒரு மனு எழுதிக்கொண்டு ஒரு ஆபீசுக்குப் போயிருக்கிறார்கள். எந்த ஆபீஸ் என்பது இங்கே முக்கியமில்லை. அங்கே இருந்தவர் மனுவைப் படித்துவிட்டு மரியாதையாகவே கேட்டாராம்: "ஐயா, எடம் அவங்களது, பணம் அவங்களது. இதுல உங்களுக்கு என்னங்க பாத்தியதை?"

மாமாவிடம் பதில் இல்லை. "ஏங்கண்ணு, நெசமாவே நமக்கு ஒரு பாத்தியதையும் இல்லையா?" என்று என்னிடம் கேட்டார். நான் படித்தது பி.இ., பார்ப்பது சாஃப்ட்வேர் வேலை. சட்டம் படித்தவன் இல்லை. ஆனா அந்தக் கேள்வி என்னை விடலை. இரண்டு மூன்று மாதம் சனி ஞாயிறுகளில் பழைய சட்டங்களையும் தீர்ப்புகளையும் படித்ததன் குறிப்புதான் இது. கேள்வி ஒன்றுதான்: ஒரு கடை எந்த இடத்தில் வரலாம் என்று யார் முடிவு செய்கிறார்கள், அதில் பக்கத்துக் கடைக்காரர் எங்கே போய்ப் பேசலாம்?

கிழமையைப் பங்கு போட்ட ஊர்கள்

இந்தச் சமவெளியில் "எந்த இடத்தில் சந்தை" என்பதை விட "எந்தக் கிழமையில் சந்தை" என்பதுதான் பெரிய விஷயமாக இருந்திருக்கிறது. ஊர்ப் பெயர்களைப் பார்த்தாலே தெரியும். சேலத்தில் செவ்வாய்ப்பேட்டை இருக்கிறது. நாமக்கல் பக்கம் புதன்சந்தை இருக்கிறது. கிழமையே ஊர்ப் பெயராகிவிட்டது.

இதில் ஒரு கணக்கு இருக்கிறது. வாரச்சந்தை வியாபாரி ஒரே ஊரில் உட்கார்ந்திருப்பதில்லை. இன்றைக்கு இந்த ஊர், நாளைக்கு அடுத்த ஊர் என்று மூட்டையோடு சுற்றுகிறவர். பக்கத்து ஊர்கள் இரண்டிலும் ஒரே நாளில் சந்தை கூடினால் வியாபாரியும் பிரிந்துவிடுவார், கூட்டமும் பிரிந்துவிடும், இரண்டு சந்தையும் படுத்துவிடும். அதனால் கிழமையைப் பங்கு போட்டுக்கொண்டார்கள். எங்கள் தொழிலில் இதை டைம் டிவிஷன் மல்டிபிளெக்சிங் என்போம். ஒரே கம்பியில் பல பேர் பேச வேண்டுமென்றால் ஆளுக்கொரு நேரத்துண்டு. நம்ம ஆட்கள் கம்பி வருவதற்கு முன்பே அதைச் செய்துவிட்டார்கள்.

பிறகு வந்த வெள்ளைக்கார ஆட்சி இதைச் சட்டமாக எழுதியது. 1920-ஆம் ஆண்டின் மதராஸ் மாவட்ட நகராட்சிகள் சட்டம் சந்தைகளைப் பொதுச் சந்தை, தனியார் சந்தை என்று இரண்டாகப் பிரித்தது. தனியார் ஒருவர் சந்தை நடத்த நகராட்சியின் லைசென்ஸ் வாங்க வேண்டும். கிராமங்களுக்கும் இதே ஏற்பாடு வந்தது. இப்போதைய 1994 ஊராட்சிகள் சட்டம் வரை அது தொடர்கிறது. அதாவது "இந்த ஊரில் இன்னொரு சந்தை வரலாமா" என்ற கேள்வியைக் கேட்க ஒரு இடம் இருந்தது.

ஆனால் இதில் ஒரு ஓட்டை. பல வியாபாரிகள் கூடி விற்கும் இடம்தான் சந்தை. தனிக்கடை சந்தை ஆகாது. சூப்பர் மார்க்கெட்டில் காய்கறி, மீன், மளிகை, துணி, பாத்திரம் எல்லாம் விற்கலாம், ஒரு சின்னச் சந்தையின் கூட்டமும் கூடலாம். முதலாளி ஒருவரே என்பதால் சட்டத்தின் கண்ணுக்கு அது ஒரு கடை. பெயரில் மட்டும்தான் மார்க்கெட்.

பிளான் அப்ரூவல் என்ன கேட்கிறது?

அப்போ கட்டிட அனுமதியில் இந்தக் கேள்வி வராதா? அங்கேயும் தேடினேன்.

தமிழ்நாடு நகர் ஊரமைப்புச் சட்டம் 1971-ஐச் சேர்ந்தது. அதற்கு முன்பு 1920-இன் மதராஸ் நகரமைப்புச் சட்டம் இருந்தது. இப்போது விரிவான விதிகள் 2019-இல் வந்த ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டிட விதிகளில் இருக்கின்றன. இவை கேட்கும் கேள்விகள்: நிலம் எந்த உபயோகத்துக்கு ஒதுக்கப்பட்டது? முன்னால் ரோடு எத்தனை மீட்டர் அகலம்? நாலு பக்கமும் எவ்வளவு இடம் விட வேண்டும்? எத்தனை மாடி? எத்தனை காருக்குப் பார்க்கிங்?

எல்லாம் நியாயமான கேள்விகள்தான். ஆனால் "இது வந்தால் சுற்றியிருக்கும் 20 கடை என்னாகும்", "இந்த ஊருக்கு இது கிழக்கே வருவது நல்லதா, மேற்கே வருவது நல்லதா" என்று எதுவும் கேட்காது. அதனால் கடைத் தகராறுகள் எல்லாம் வேறு வேஷத்தில் வருகின்றன. பார்க்கிங் போதவில்லை, ஒரு மாடி அதிகம், பின்பக்கம் இடம் விடவில்லை என்றுதான் மனு போடுகிறோம். நம் உண்மையான கவலை அது இல்லை. ஆனால் சட்டத்தின் காதில் விழும் வார்த்தை அது ஒன்றுதான்.

எதிராளி பார்க்கிங்கைச் சரிசெய்துவிட்டால் நம் மனு அதோடு முடிந்தது.

ஒரு அரிசி மில், ஒரு சினிமா கொட்டகை

இந்தியச் சட்டம் எப்போதுமே இப்படித்தான் இருந்ததா என்றால், இல்லை. 1958-இல் மத்திய அரசு அரிசி ஆலைத் தொழில் ஒழுங்குமுறைச் சட்டம் என்று ஒன்று கொண்டுவந்தது. புது மில் வைக்க அனுமதி கேட்டால் அதிகாரிகள் பார்க்க வேண்டிய விஷயங்களை அந்தச் சட்டமே பட்டியல் போட்டது. அந்த வட்டாரத்தில் ஏற்கெனவே எத்தனை மில் இருக்கிறது, நெல் கிடைக்குமா, கரண்டும் தண்ணீரும் உண்டா, இந்த மில் வந்தால் அங்கே நிறையப் பேர் வேலை இழப்பார்களா என்பதெல்லாம் அதில் உண்டு. கைக்குத்தல் அரிசியை நம்பிப் பிழைத்தவர்களை மனதில் வைத்து எழுதியது. மாமா கேட்க நினைத்த கேள்வியை அரசாங்கமே அன்றைக்குக் கேட்டிருக்கிறது!

ஆனால் அதைக் கேட்கும் உரிமை அரசாங்கத்துக்குத்தான், போட்டியாளருக்கு இல்லை. 1970-இல் உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவாகச் சொன்னது. மைசூர் மாநிலத்தில் ஒரு அரிசி மில்லை வேறு இடத்துக்கு மாற்றினார்கள். அனுமதி சட்டப்படி இல்லை என்று பக்கத்து மில்காரர் கோர்ட்டுக்குப் போனார். தீர்ப்பு அவருக்கு எதிராக வந்தது. தொழில் செய்வது அரசியல் சட்டம் தந்த உரிமை. அனுமதியில் குறை இருந்தாலும் அதைப் பார்க்க வேண்டியது அதிகாரிகள். போட்டி வருகிறது என்பது சட்டப்படியான பாதிப்பு ஆகாது.

அடுத்தது 1975 டிசம்பர். குஜராத்தில் மெஹ்மதாபாத் என்ற ஊர். அங்கே தியேட்டர் வைத்திருந்த ஒருவர், புதிதாக இன்னொரு தியேட்டருக்கு இடம் ஒதுக்கித் தடையின்மைச் சான்று கொடுத்ததை எதிர்த்தார். வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. "பாதிக்கப்பட்டவர்" என்றால் யார் என்று இந்திய சட்ட மாணவர்கள் இன்றும் படிக்கும் தீர்ப்பு இது. வருமானம் குறையும் என்பதால் மட்டும் ஒருவர் பாதிக்கப்பட்டவர் ஆகிவிட மாட்டார் என்றது கோர்ட். எதிர்த் தரப்பின் மேல் சட்டத்துக்கு முன் இவருக்கு எந்தப் பாத்தியதையும் இல்லை. ஆபீசில் மாமாவிடம் கேட்ட அதே வார்த்தை!

அந்த வழக்கில் ஒரு சின்ன விவரம் உண்டு. கொட்டகை வரப் போகிறது, ஆட்சேபம் இருந்தால் சொல்லுங்கள் என்று முன்பே அறிவிப்பு வந்திருக்கிறது. அப்போது இவர் ஒன்றும் எழுதிக் கொடுக்கவில்லை. கோர்ட் அதையும் கவனித்தது. இந்த விவரத்தை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், கடைசியில் தேவைப்படும்.

படிக்கும்போது முதலில் கோபம் வந்தது. பிறகு வேறொன்று ஞாபகம் வந்தது. 80-களில் மாமா கடை போட்டபோது எதிரே ஏற்கெனவே ஒரு செட்டியார் கடை இருந்தது. மாமா சேலம் லீ பஜார் மண்டியிலிருந்து நேராகச் சரக்கு எடுத்து விலையைக் குறைத்து விற்றார். செட்டியார் கடை நாலைந்து வருஷத்தில் மூடிவிட்டது. அன்றைக்குச் செட்டியாருக்குத் தடுக்கும் உரிமை இருந்திருந்தால் மாமா கடையே வந்திருக்காது. ஏற்கெனவே இருக்கிறவன் புதிதாய் வருகிறவனைத் தடுக்கலாம் என்று விட்டால் ஊரில் முதல் கடைக்காரர்தான் நிரந்தர ராஜா. கோர்ட் சொன்னதில் ஞாயம் இருக்கு. மாமாவிடம் இதைச் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "அவரும் நானும் ஒரே அளவு கண்ணு. இது அப்பிடியா?" என்றார். அதற்கும் என்னிடம் பதில் இல்லை.

விட்னி என்கிற கம்பளி ஊர்

அளவு பெரிதாகும்போது வேறு நாடுகளில் என்ன செய்கிறார்கள்? இரண்டு சூப்பர் மார்க்கெட்டுகள் இடத்துக்காகவே மோதி, கடைசி கோர்ட் வரை போன கதைகள் இங்கிலாந்தில் இருக்கின்றன.

ஆக்ஸ்ஃபோர்ட் பக்கத்தில் விட்னி என்று ஒரு சின்ன ஊர். நம்ம சேலத்துக்கு வேட்டி மாதிரி அந்த ஊருக்குக் கம்பளிப் போர்வை. கடைசி ஆலை 2002-இல்தான் மூடியது. ஊருக்குள் விண்ட்ரஷ் ஆற்றைக் கடக்க ஒரே பாலம், எப்போதும் நெரிசல். ஒரு இணைப்புச் சாலையும் இன்னொரு பாலமும் போட்டால் தீரும். செலவு 66 லட்சம் பவுண்டு. கவுண்டி கவுன்சிலிடம் பணம் இல்லை. கட்ட வருகிற கம்பெனிகள்தான் கொடுக்க வேண்டும் என்று நினைத்தது.

அந்தச் சமயத்தில் ஊருக்கு ஒரு பெரிய சூப்பர் மார்க்கெட்தான் தாங்கும் என்ற நிலை. டெஸ்கோ ஒரு இடத்துக்குக் கேட்டது. போட்டியாக இருந்த இன்னொரு இடத்தில் செயின்ஸ்பரி வருவதாக இருந்தது. டெஸ்கோ, எங்களுக்கு அனுமதி கொடுங்கள், ரோட்டுக்கான முழுப் பணத்தையும் நாங்களே தருகிறோம் என்றது. பொது விசாரணை நடத்திய ஆய்வாளர் டெஸ்கோ பக்கம் பரிந்துரைத்தார். 1993-இல் அமைச்சர் அதை ஏற்கவில்லை. கடையால் கூடும் போக்குவரத்து கொஞ்சம்தான், அதற்காக முழு ரோட்டையும் தருகிறேன் என்பதற்குப் பெரிய எடை கொடுக்க முடியாது என்று சொல்லி மற்ற இடத்துக்கு அனுமதி கொடுத்தார். டெஸ்கோ பிரபுக்கள் சபை வரை போய் 1995-இல் தோற்றது. சம்பந்தம் இருக்கிற சலுகையைக் கணக்கில் எடுக்கலாம், ஆனால் அதற்கு எவ்வளவு எடை என்பது முடிவெடுப்பவர் பாடு என்பதுதான் தீர்ப்பின் சாரம்.

வால்வர்ஹாம்ப்டன் கதை இன்னும் காரசாரம். ராக்லன் ஸ்ட்ரீட்டில் ஒரு மனை. அதில் 86 சதவீதம் செயின்ஸ்பரியுடையது, மீதியில் பெரும்பகுதி டெஸ்கோ கையில். இரண்டு பேருமே அங்கே கடை கட்டத் திட்டம் போட்டார்கள். அங்கிருந்து சுமார் 850 மீட்டர் தள்ளி பழைய ராயல் ஆஸ்பத்திரிக் கட்டிடம் பாழடைந்து கிடந்தது. அந்த இடம் டெஸ்கோவிடம் இருந்தது. எங்களுக்கு ராக்லன் ஸ்ட்ரீட்டை வாங்கிக் கொடுங்கள், நாங்கள் ஆஸ்பத்திரி இடத்தையும் சீர்செய்கிறோம் என்றது டெஸ்கோ. நகராட்சி சம்மதித்து, செயின்ஸ்பரியின் நிலத்தைக் கட்டாயமாக எடுத்து டெஸ்கோவுக்குக் கொடுக்க 2008-இல் கொள்கையளவில் முடிவு செய்தது. 2010 மே மாதம் பிரிட்டன் உச்ச நீதிமன்றம் 4-க்கு 3 என்று அதை ரத்து செய்தது. ஒருவரின் நிலத்தைப் பறிப்பதற்கு, அந்த நிலத்தோடு தொடர்பே இல்லாத வேறொரு நன்மையைக் காரணமாகக் காட்ட முடியாது என்றது பெரும்பான்மை.

இதைப் படித்துவிட்டு "ஆகா, அங்கே எவ்வளவு ஒழுங்கு" என்று சொல்ல மாட்டேன். எந்த இடம் ஊருக்கு நல்லது என்ற கேள்வியைத் திறந்து வைத்ததும், யார் அதிகம் தருவார்கள் என்ற ஏலம் பின்னாடியே வந்துவிட்டது. போட்டிக் கம்பெனி வரக் கூடாது என்பதற்காகவே பெரிய கடைகள் நிலத்தின் மேல் நிபந்தனைகள் போட்டு வைத்ததும் நடந்தது. அதைக் கட்டுப்படுத்த 2010-இல் தனி உத்தரவே போட வேண்டியிருந்தது. ஆனாலும் ஒரு வித்தியாசம் உண்டு. விட்னியில் இரண்டு இடங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பொது விசாரணையில் பேசினார்கள். இடம் என்பதே விவாதப் பொருளாக இருந்தது. ரோடு, பாலம், நெரிசல் எல்லாம் அந்தந்தப் பெயரிலேயே பேசப்பட்டன.

நம்ம பக்கத்தில் நடந்தது

நம் ஊரில் இடம் பற்றிய முடிவு பெரும்பாலும் மேலிருந்து ஒரே கோடாக வரும். சென்னையில் கொத்தவால் சாவடியிலிருந்து கோயம்பேட்டுக்கு மொத்த வியாபாரத்தை மாற்ற 1996-இல் ஒரு தனிச் சட்டமே தேவைப்பட்டது. குறிப்பிட்ட பொருட்களின் மொத்த வியாபாரம் குறிப்பிட்ட இடத்தில்தான் நடக்க வேண்டும் என்ற சட்டம்.

பக்கத்துத் திருச்சியில் கோடு போட்டும் ஓடவில்லை. நூறு வருஷத்தைத் தாண்டிய காந்தி மார்க்கெட்டுக்கு மாற்றாக, மதுரை ரோட்டில் கள்ளிக்குடியில் சுமார் 77 கோடி ரூபாயில் புது வளாகம் கட்டி 2017-இல் திறந்தார்கள். கடை சின்னது, தூரம் அதிகம் என்று வியாபாரிகள் போகவே மறுத்துவிட்டார்கள். வளாகம் காற்று வாங்கியது. பிறகு மூன்றாவது இடமாகப் பஞ்சப்பூர் வந்தது. கட்டும் முன் கேட்டிருந்தால் கடை அளவையாவது மாற்றியிருக்கலாம்.

2012-இல் சில்லறை வணிகத்தில் 51 சதவீத அந்நிய முதலீட்டை அனுமதித்தபோது மத்திய அரசும் ஒரு இட விதி வைத்தது. 10 லட்சத்துக்கு மேல் மக்கள் தொகை உள்ள நகரங்களில்தான் கடை திறக்கலாம், அதுவும் மாநில அரசு சம்மதித்தால். 2011 கணக்குப்படி சேலம் மாநகராட்சிக்குச் சுமார் 8.3 லட்சம். ஆக, தமிழ்நாடு அன்றைக்கு ஒத்துக்கொண்டிருந்தாலும் சேலம் அந்தக் கோட்டுக்கு வெளியேதான் நின்றிருக்கும். அன்றைய மாநில அரசு ஒத்துக்கொள்ளவில்லை. அது அந்நியக் கம்பெனிகளுக்கு மட்டுமான கோடு. உள்நாட்டுக் கம்பெனிக்கு அப்படி எந்தக் கோடும் இல்லை. மாமா கடைக்கு இரண்டு பக்கமும் வருவது உள்நாட்டுக் கம்பெனிகள்.

அப்போ பாத்தியதை எங்கேதான் இருக்கிறது?

தேடியதில் எனக்குக் கிடைத்த ஒரே வாசல் இதுதான். 1971 சட்டத்தில், கட்டிட அனுமதிக்கு வெகு முன்பே ஒரு கட்டம் உண்டு: முழுமைத் திட்டம், அதாவது மாஸ்டர் பிளான். எந்தப் பகுதி குடியிருப்பு, எது வணிகம், எது விவசாயம், எந்த ரோடு அகலமாகும் என்று வரைந்து, இறுதியாக்கும் முன் பொதுமக்களின் ஆட்சேபங்களையும் ஆலோசனைகளையும் எழுத்தில் கேட்டு அறிவிப்பு வெளியிட வேண்டும். குறைந்தது 2 மாத அவகாசம் தர வேண்டும். அங்கே "உனக்கு என்ன பாத்தியதை" என்று யாரும் கேட்க முடியாது. அந்தப் பகுதியில் வாழ்கிறவர் என்பதே போதும்.

மெஹ்மதாபாத் தியேட்டர்காரர் தவறவிட்டதும் இதே மாதிரி ஒரு வாசலைத்தான். அறிவிப்பு வந்த நாளில் பேசாமல், சான்று கொடுத்த பிறகு கோர்ட்டுக்குப் போனார். கோர்ட் அவரை ஒரு போட்டி வியாபாரியாக மட்டும் பார்த்தது.

அந்த வாசலிலும் "எனக்குப் போட்டி வருகிறது" என்று எழுதினால் மதிப்பு இருக்காது. ஆனால் இந்த ரோட்டில் பெரிய கடைகள் இரண்டு வந்தால் தறிக்குப் போகும் வண்டிகள் எப்படித் திரும்பும், பஸ் ஸ்டாப் எங்கே போகும், ஊர் நடுவில் இருக்கும் கடைத்தெருவுக்கு நடந்து வருகிற கிழவிகள் பொருள் வாங்க எங்கே போவார்கள் என்று எழுதலாம். பெரிய கடைகளை ஊர்க் கடைத்தெருவை ஒட்டியே அனுமதியுங்கள், பைபாஸ் ஓரத்தில் வேண்டாம் என்று கேட்கலாம். இங்கிலாந்தில் 90-களிலேயே இதை நாட்டின் கொள்கையாக எழுதி வைத்தார்கள்: முதலில் ஊர் நடுவில் இடம் தேடு, கிடைக்காவிட்டால்தான் வெளியே வா என்று.

சித்திரையில் மறுபடி ஊருக்குப் போனபோது மாமாவிடம் இதையெல்லாம் சொன்னேன். கிழக்குப் பக்கம் முதல் மாடி காங்கிரீட் போட்டுவிட்டார்கள். இந்த இரண்டு கட்டிடத்துக்கு இனி ஒன்றும் செய்வதற்கில்லை மாமா, அடுத்த பிளான் போடும்போதுதான் சொல்ல முடியும் என்றேன். பொட்டலம் கட்டிக்கொண்டே கேட்டவர், நூலைப் பல்லில் கடித்து அறுத்துவிட்டுக் கேட்டார்:

"சரி கண்ணு. அந்த அறிவிப்பை எந்த எடத்துல ஒட்டுவாங்க? நான் வாரத்துக்கு ஒருக்கா போயிப் பாத்துக்கறேன்."